முதல் கோழிக்கு முன்னே

(கோவில்பட்டியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன வருஷம் ஒரு அம்மா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். கையில் மஞ்சள் துணிப்பை. பைக்குள் ஒரு சாம்பல் பூனை, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. நான் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உட்காரச் சொல்வதற்குள், "டாக்டர், இதுக்குத் தூக்க மாத்திரை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்கள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லை.

தினமும் மூணே முக்கால் மணிக்கு அந்தப் பூனை வந்து வீட்டுக்காரரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முதலில் முகத்தருகே வந்து மோந்து பார்க்கும். பிறகு நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பஞ்சு மாதிரி இருக்கிற உள்ளங்காலால் தாடையில் ஒரு தட்டு. அவர் அசையவில்லையென்றால் இன்னொரு தட்டு. அதற்கும் எழவில்லையென்றால், தலைமாட்டு ஸ்டூலில் இருக்கிற தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு வந்து கீழே தள்ளிவிடும். அந்தச் சத்தத்துக்கு எழாதவர் யார்?

"அவர் முன்னால அந்நேரத்துக்கு எந்திரிப்பாரா?" என்று கேட்டேன்.

"காய்கறிக் கடை வச்சிருந்தாரு சார். நாலு மணிக்கு மார்க்கெட்டுல நிக்கணும். கிளம்பும்போது ரெண்டு நெத்திலிக் கருவாட்டைக் கிள்ளிப் போட்டுட்டுத்தான் சைக்கிளை எடுப்பாரு. பதினோரு வருஷம். இப்ப கால்ல ஆபரேசன் பண்ணிப் படுத்துட்டாரு. கடையை மூடி ஆறு மாசமாச்சு. இதுக்கு மட்டும் கடை இன்னும் திறந்திருக்கு."

அந்த அம்மா கடைசியில் சொன்ன வார்த்தை என் மனசை விட்டுப் போகவில்லை. இன்றைய பேச்சு அதிலிருந்து புறப்பட்டதுதான். வளர்ப்புப் பிராணிகள் விடியுமுன்னே நம்மை எழுப்புவதைத் தொல்லை என்கிறோம், செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனது என்கிறோம், பிடிவாதம் என்கிறோம். முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டையும் ஆட்டையும் நாயையும் தொட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நேரத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தது நம்முடைய கைதான். நாம் எழுதிய கணக்கை அது மறக்காமல் வைத்திருக்கிறது. கணக்கை மாற்ற வேண்டுமென்றால் எழுதிய கைதான் மாற்றி எழுத வேண்டும். அதற்கு முதலில் அந்தக் கணக்கு எங்கே, எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அந்தப் பூனைக்கு மணி பார்க்கத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அப்புறம் எப்படி நிமிஷம் தவறாமல் வருகிறது?

1922ஆம் வருஷமே அமெரிக்காவில் கர்ட் ரிக்டர் என்ற விஞ்ஞானி எலிகளிடம் இதைக் கவனித்து எழுதினார். தினம் ஒரே நேரத்தில் தீனி வைத்தால், அந்த நேரம் நெருங்க நெருங்க எலிகள் பரபரக்க ஆரம்பிக்கின்றன, ஓடுகின்றன, தேடுகின்றன. தீனி வந்த பிறகு வருகிற பரபரப்பு இல்லை இது, வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராவது. ஏழு வருஷம் கழித்து, 1929இல், ஜெர்மனியில் இங்கபோர்க் பெலிங் என்ற பெண், தேனீக்களுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினார். பிறகு ஒருநாள் தண்ணீரே வைக்கவில்லை. அந்த நேரத்துக்குத் தேனீக்கள் வெறும் தட்டைத் தேடி வந்தன. ஒரு தேனீயின் தலைக்குள் எவ்வளவு மூளை இருந்துவிடப் போகிறது? அதுவே நேரம் வைத்திருக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நம் எல்லோருடைய மூளையிலும், கண் நரம்புகள் குறுக்கே வெட்டிப் போகிற இடத்துக்கு மேலே, கடுகளவு திசு ஒன்று இருக்கிறது. ராத்திரி பகலைக் கணக்கு வைப்பது அதுதான். வெளிச்சத்தை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதை அழித்துவிட்டால் எலிக்கு இரவு பகல் குழம்பிவிடுகிறது. ஆனால் அப்படி அழித்த எலிகூடச் சாப்பாட்டு நேரத்தை மறப்பதில்லை என்று 1979இல் கண்டுபிடித்தார்கள். வெளிச்சத்துக்கு ஒரு கடிகாரம், வயிற்றுக்கு இன்னொரு கடிகாரம். வயிற்றுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது எது? தினம் ஒரே நேரத்தில் வருகிற உணவு. அதாவது ரெண்டு நெத்திலிக் கருவாடு.

சேவலுக்கு வருவோம். மணி பார்க்கக் கடிகாரம் இல்லாத வீடுகளில் நம் ஆட்கள் கோழியை வைத்துத்தான் ராத்திரியைப் பிரித்தார்கள். முதல் கோழி கூப்பிட்டதும் எழுந்தேன், ரெண்டாம் கோழிக்குப் புறப்பட்டேன் என்று பேசியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். சூரியனைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்றால், வெள்ளி முளைக்குமுன்னே பஞ்சாரத்துக்குள் கவிழ்த்துக் கிடக்கிற சேவல் ஏன் கூவ வேண்டும்? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சிம்முரா, யோசிமுரா என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். சேவல்களை நாள் முழுக்க ஒரே மங்கிய வெளிச்சத்தில் வைத்தார்கள். விடிவதும் இல்லை, அடைவதும் இல்லை. அப்போதும் சேவல்கள் ஏறக்குறைய 24 மணி நேர ஒழுங்கில் கூவின. வழக்கமான இரவு பகலில் வைத்தபோது, வெளிச்சம் வர சுமார் 2 மணி நேரம் இருக்கும்போதே கூவத் தொடங்கின. இது 2013இல் வெளியானது. 2015இல் அவர்களே இன்னொன்றைச் சொன்னார்கள்: கூட்டத்தில் எந்தச் சேவல் பெரிய தலையோ அதுதான் முதலில் கூவும், மற்றவை தம் இடத்தை அறிந்து அதன் பிறகு வரிசையாகக் கூவும். முதல் கோழி, ரெண்டாம் கோழி என்று எண்ணிய நம் பாட்டிமார்களுக்கு இந்த வரிசை காதுக்குப் பழகியது.

இந்தத் துறையில் உலகம் மெச்சிய வேலை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அதை இங்கே சொல்லாமல் போனால் தப்பு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒருவர் இருந்தார். உயிர்களின் உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவழித்தவர். 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் அவரும் அவருடைய மாணவர்களும் மதுரையை ஒட்டிய குகையில் வௌவால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குகையின் ஆழத்தில் வெளிச்சமே கிடையாது. அங்கே சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். வெளியே பொழுது சாய்ந்ததா விடிந்ததா என்று கூண்டுக்குள் இருப்பதற்குத் தெரிய வழியில்லை. ஆனால் சாயங்காலம் குகையிலிருக்கிற மற்ற வௌவால்கள் இரைக்குக் கிளம்புகிற நேரத்தில் இவையும் கூண்டுக்குள் சிறகடித்தன. நாள் கணக்காக, மாசக் கணக்காக அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தே எழுந்தன. வேறு வௌவால் இல்லாத குகைக்குக் கூண்டைக் கொண்டுபோய் வைத்தபோது மட்டும் நேரம் பிசகி, தன்போக்கில் ஓட ஆரம்பித்தது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட இருக்கிற உயிர்களின் அரவமே கடிகாரமாக இருக்க முடியும். ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொள்கிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்னாலேயே எங்கள் தொழுவில் பார்த்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ரெண்டு உழவு மாடு. ஒன்று மயிலை, ஒன்று செவலை. கரிசல் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் கல், நனைந்தால் பசை. ஈரம் இருக்கிற நாலைந்து நாளைக்குள் விதைத்து முடிக்க வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் மழை பெய்து விதைப்பு வந்துவிட்டால் விடியுமுன் ஏர் காட்டில் நிற்க வேண்டும். அதற்கு மாடு அதற்கு முன்னே சாப்பிட்டிருக்க வேண்டும். தின்றதும் பூட்டினால் மாடு இளைக்கும். அசைபோட நேரம் கொடுக்க வேண்டும். அதனால் அய்யா ராத்திரி மூணு மணிக்கு எழுந்து காடியில் சோளத்தட்டை அள்ளிப் போடுவார். அம்மாவும் எழுந்துவிடுவாள். ஆட்டுரலில் பருத்திக்கொட்டை ஆட்டுகிற சத்தம் கேட்கும். அய்யா மாட்டுக்காக எழுந்ததைத்தான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அம்மா ஆட்டியதை யாரும் சொன்னதில்லை. இந்த மேடையில் நான் சொல்கிறேன்.

அய்யாவை எழுப்பியது யார்? மயிலைதான். படுத்து அசைபோடும்போது கழுத்து மணி ஒரே சீராகச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் வீடே தூங்கும். மூணு மணிக்கு மயிலை எழுந்து நிற்கும். மணிச் சத்தம் மாறும். பிறகு கொம்பின் அடிப்பாகத்தால் காடியின் விளிம்பில் ஒரு இடி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு இடி. மூணாவது இடிக்கு அய்யா, "வாரன்டா, வாரன்டா" என்பார். கயிற்றுக் கட்டில் கிறீச்சிடும். அந்தக் குரல் கேட்டதும் மயிலை இடிப்பதை நிறுத்திவிடும். பதில் கிடைத்துவிட்டது. தட்டை வர இன்னும் பத்து நிமிஷம் ஆனாலும் அது பேசாமல் நிற்கும்.

ஆட்டுக்காரர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். நம் சீமையின் ஆடுகள் பேர் பெற்றவை. வேம்பூர் ஆடு, வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்தது. கீழக்கரிசல் ஆடு. வெள்ளாட்டில் கன்னி ஆடு. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். கிடை போட்டுக் காட்டிலேயே படுக்கிறவர்களைக் குட்டிகள்தான் எழுப்பும். ராத்திரியில் கொடாப்புக்குள் அடைத்த குட்டிகளுக்குக் கருக்கலில் பசி எடுத்துவிடும். ஒன்று கத்தும், உடனே நூறும் கத்தும். வெளியே நூறு தாயாடுகள் பதில் கொடுக்கும். அந்த இரைச்சலில் ஒவ்வொரு தாய்க்கும் தன் குட்டியின் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. ஈன்ற ஒன்றிரண்டு நாளிலேயே அந்தக் குரலைத் தாய் படித்துவிடுகிறது. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ரா. 'கிடை' என்று ஒரு குறுநாவலே எழுதினார். அந்த வாழ்க்கை நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இந்த ஊரில் நின்றுகொண்டு விடியுமுன் எழுப்புவதைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகளை எழுப்பிய ஹாரன் சத்தம். தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் மூணு மணிக்கும் நாலு மணிக்கும் கிராமங்களுக்குள் வந்து நின்று ஹாரன் அடித்த காலம் இருந்தது. பாதித் தூக்கத்தில் இருக்கிற ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளையைத் தாய் தோளில் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்குள் விடுவாள். 1986ஆம் வருஷத்துச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. நம் பூமணி அதே வேதனையைத்தான் 'கருவேலம் பூக்கள்' என்று படமாக எடுத்தார். என்னோடு படித்த ரெண்டு பேர் அந்தப் பஸ்ஸில் போனவர்கள். ஒரு கன்றுக்குட்டி எழுப்பினால் அதற்குப் பசி, நமக்கு வேலை, முடிந்ததும் ரெண்டு பேருக்கும் நிம்மதி. அந்த ஹாரனுக்கு எழுந்த பிள்ளைக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

பூனைக்குத் திரும்புகிறேன். நம் வீடுகளில் பூனைக்கு ஒரு வேலை இருந்தது. மண் குலுக்கையில் கம்பும் சோளமும் கிடக்கும். அடியில் எலி ஓட்டை போடும். எலி ஓடுவது பொழுது அடைகிற நேரத்திலும் விடிகிற நேரத்திலும் அதிகம். பூனையின் கண்ணும் காதும் அந்த மங்கல் நேரத்துக்கென்றே அமைந்தவை. ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தானியத்தோடும் எலியோடும் மனிதனோடும் சேர்ந்து வாழ்ந்த பிராணி அது. இப்போது குலுக்கை இல்லை. ரேசன் அரிசி மூட்டையும் பிளாஸ்டிக் டப்பாவும்தான். பூனை டைல்ஸ் தரையில் படுத்துக்கொண்டு பாக்கெட் தீவனம் தின்கிறது. வேலை போய்விட்டது, வேலைக்குக் கிளம்புகிற நேரம் மட்டும் உடம்பில் அப்படியே இருக்கிறது. இன்னொன்று, பூனை ஒரே வேளையாக வயிறு நிறையத் தின்கிற பிராணி இல்லை. எலியளவு, சுண்டெலியளவு என்று ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேற்பட்ட தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பிறந்தது. ராத்திரி எட்டு மணிக்குக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் விடிகாலையில் அதற்கு உண்மையாகவே பசிக்கும்.

அதன் குரலைக் கேட்டும் கேட்காத மாதிரிப் படுத்திருக்க ஏன் நம்மால் முடிவதில்லை? 2009இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மக்கோம்ப் இதைச் சோதித்துப் பார்த்தார். மடியில் படுத்துக்கொண்டு சும்மா உறுமுகிற பூனையின் சத்தம் வேறு. தீனி கேட்டு உறுமும்போது அதற்குள் மெல்லிய அழுகை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் சுருதி கைக்குழந்தையின் அழுகைக்குப் பக்கத்தில் வருகிறது. பூனையே வளர்த்திராதவர்களுக்குக்கூட அந்தச் சத்தம் அவசரமாகக் கேட்டதாம். பிள்ளை அழுகிறது என்று எழுகிற அதே இடத்தில்தான் பூனையும் நம்மைத் தொடுகிறது.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பதினாலு வயது. எங்களிடம் ஒரு கன்னி ஆடு இருந்தது. கறுப்பு உடம்பு, முகத்தில் ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, பால்கன்னி என்போம். அது என் ஆடு. தினம் நாலு மணிக்குக் கத்தி என்னை எழுப்பும். நான் எழுந்து வேப்பங்குழை ஒன்றை ஒடித்துப் போட்டுவிட்டுப் படுப்பேன். தை மாதம், கம்பு களத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்த சமயம். ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கே கத்த ஆரம்பித்தது. வழக்கமான குரல்தான், இன்னைக்குச் சீக்கிரம் ஆரம்பித்துவிட்டது என்று போர்வையை இழுத்து மூடினேன். திண்ணையில் படுத்திருந்த ஆச்சி, "ஏலே, அது பசிக்குக் கத்தல. எந்திச்சுப் பாருலே" என்றாள். நான் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றுவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று தூங்கிப்போனேன்.

விடிந்து பார்த்தால் ஆடு முகத்தைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இடது வயிறு பானையாக உப்பியிருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. சாயங்காலம் கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்க் கம்பு மூட்டையில் வாய் வைத்திருக்கிறது. தானியம் அளவுக்கு மீறிப் போனால் ஆட்டின் பெருவயிற்றில் அது புளித்து அமிலமாகும். அந்த அமிலம் ரத்தத்தில் ஏறும். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கலாம், டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். மறுநாள் மத்தியானம் செத்துப்போனது. ஆச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் குரலின் வித்தியாசம் திண்ணையில் படுத்தபடியே தெரிந்திருந்தது. நான் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த எந்தப் பாடமும் அந்த ஒரு வரிக்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதனால் என்னிடம் யார் வந்து, "எழுப்புது டாக்டர்" என்றாலும், நான் கேட்கிற முதல் கேள்வி, "எப்ப இருந்து?" என்பதுதான். ரொம்ப நாளாக என்றால் அது பழக்கம். திடீரென்று என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும். பத்து வயது தாண்டிய பூனை திடீரென்று ராத்திரியில் பசி பசி என்று கத்தினால், தின்றும் இளைத்தால், தைராய்டையும் சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் சோதிக்காமல் பழக்கம் என்று முடிவு கட்டக் கூடாது. நாய் விடியுமுன் கதவைச் சுரண்டினால் சிறுநீர் அடக்க முடியாமல் இருக்கலாம். கிழட்டு நாய்க்கு நம் முதியவர்களைப் போலவே இரவு பகல் குழம்புவதும் உண்டு. குடல் புழுவுக்கு மருந்து கொடுத்து எத்தனை மாதமாயிற்று என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

உடம்பு சரியாக இருக்கிறது, பழக்கம்தான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? அடிக்கக் கூடாது. அடி வாங்கின பூனை எழுப்புவதை நிறுத்தாது, உங்களைக் கண்டு ஒளியப் பழகும். ஒருநாள் எழுந்து தீனி போட்டு, மறுநாள் படுத்திருந்து, மூணாம் நாள் மறுபடி எழுந்து போடுவதுதான் இருப்பதிலேயே மோசம். என்றைக்காவது கிடைக்கும் என்று தெரிந்த பிராணி என்றைக்கும் விடாது. நிறுத்துவது என்று முடிவு செய்தால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். முதல் வாரம் சத்தம் இப்போது இருப்பதைவிட ரெண்டு மடங்காகும். அணையப் போகிற விளக்கு மாதிரி ஒரு தடவை உயர்ந்துதான் தணியும். அந்த வாரத்தில்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள்.

அதைவிட நல்ல வழி, நேரத்தை மெதுவாக நகர்த்துவது. படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் பூனையோடு விளையாடுங்கள். ஒரு கயிற்று நுனியில் துணியைக் கட்டி இழுத்தால் போதும், அது ஓடிப் பாய்ந்து பிடிக்கட்டும். வேட்டை முடிந்ததும் சாப்பாடு வையுங்கள். வேட்டை, சாப்பாடு, நாவால் உடம்பைத் துடைப்பது, தூக்கம் என்பதுதான் பூனையின் உடம்பில் எழுதியிருக்கிற வரிசை. காலையில் எழுந்ததும் நேரே கிண்ணத்துக்குப் போகாதீர்கள். வாசல் தெளியுங்கள், கோலம் போடுங்கள், அடுப்பைப் பற்றவையுங்கள், பிறகு கொடுங்கள். நீங்கள் கண் விழிப்பதற்கும் அதன் வயிறு நிறைவதற்கும் இருக்கிற முடிச்சு அவிழ வேண்டும். பிறகு நாலைந்து நாளைக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்து நிமிஷம் தள்ளுங்கள்.

நாய் விஷயம் கொஞ்சம் வேறு. நாய் எழுப்புவது பல சமயம் சோற்றுக்கே இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் நம் வட்டாரத்து இனங்கள். 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்த மூன்றின் பேரையும் சொன்ன பிறகு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் குட்டி தேடி வந்தார்கள். சிப்பிப்பாறை முயலைத் துரத்த வளர்ந்த நாய். நீளக் கால், ஒட்டிய வயிறு, ஆழ்ந்த நெஞ்சு. முயல் வேட்டையைச் சட்டம் தடுத்துவிட்டது, தடுத்ததும் சரிதான். ஆனால் அந்தக் காலுக்கு ஓட்டம் வேண்டும். அதை மூணாவது மாடியில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு, விடிகாலையில் அது ஈர மூக்கை உங்கள் கன்னத்தில் வைத்து அழுத்தினால் கோபித்துக்கொள்வது நியாயமில்லை. ஏழெட்டுக் குட்டிகளோடு பிறந்து, ஒட்டிப் படுத்து வளர்ந்த உயிர் அது. ராத்திரி முழுக்கத் தனியாக இருந்திருக்கிறது. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறது. சாயங்காலம் நன்றாக ஓடவிட்டுப் பாருங்கள், மூக்கு வருகிற நேரம் தானாகத் தள்ளிப்போகும்.

அந்தக் காய்கறிக் கடைக்காரர் வீட்டுக்கு நானே போனேன். கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். கருவாட்டில் உப்பு அதிகம், பூனையின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று சொல்லி, உப்பில்லாமல் அவித்த மீன் வைக்கச் சொன்னேன். மற்றதையெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது வர்றதை நிப்பாட்டிற வேணாம் டாக்டர். நேரத்தை மட்டும் தள்ளிக் குடுங்க" என்றார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோபம் என்று நினைத்தேன், அப்படி இல்லை. மூணு மாதத்தில் அஞ்சேகால் மணிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது செம்பைத் தள்ளுவதில்லை. தாடையில் தட்டுவது மட்டும் நடக்கிறதாம்.

கடைசியாக எங்கள் அய்யாவைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். 1994இல் மாடுகளை விற்றோம். டிராக்டர் வந்துவிட்டது, அவருக்கும் வயதாகிவிட்டது. தொழு காலியானது. ஆனால் மூணு மணிக்கு முழிப்பு வருவது நிற்கவில்லை. லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் ராத்திரி எழுந்து பார்த்தேன். காடியின் விளிம்பில், கழுத்து உரசி உரசி வழுவழுத்துப்போன இடத்தில் கை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். "என்னய்யா?" என்றேன். "ஒண்ணுமில்லலே. முழிப்பு வந்துருச்சு" என்றார்.

கொஞ்ச நாளில் அவர் ஒரு வேலை கண்டுபிடித்தார். படப்பில் விற்க மனசில்லாமல் வைத்திருந்த சோளத்தட்டை இருந்தது. அந்நேரத்துக்கு ரெண்டு கை உருவிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக அவர்கள் கன்றுக்குட்டிக்குப் போடுவார். அடுத்த தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சொன்னார்கள்: "அண்ணாச்சி, உங்களால எங்க கன்னுக்குட்டி மூணு மணிக்கே கத்த ஆரம்பிச்சிருச்சு. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல."

அய்யா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மறுநாள் மூணு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்று கூப்பிட்டது. "வாரன்டா, வாரன்டா" என்று படப்புப் பக்கம் நடந்தார்.